சம்பத்தும் ஐந்தாவது பந்துவீச்சாளரும்

செய்தி வந்தபோது நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு எல்லைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடக்கே இன்னாருடைய புன்செய், தெற்கே வண்டிப்பாதை என்று தட்டச்சு செய்கிற பெண்ணுக்குச் சொல்லிவிட்டுக் கிழக்கு எல்லைக்கு வந்தேன். கைப்பேசி அடித்தது. மாதேஷ் பேசினான். அரூர் கடைவீதியில் தையல்கடை வைத்திருப்பவன். ஒரு காலத்தில் எங்கள் கிரிக்கெட் அணியின் ஆஃப் ஸ்பின்னர்.

“ஏப்பா, சம்பத் போயிட்டாப்ல. காலையில டிபன் சாப்ட்டுட்டு நாற்காலியில உக்காந்தாப்ல. அப்படியே சாஞ்சுட்டாப்ல.”

அதைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது. “அவன் ஏதாச்சும் சொன்னானா?” என்றேன். மாதேஷ் நான் கடைசி வார்த்தையைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். “என்னத்தப்பா சொல்லுவாப்ல, நிமிசத்துல முடிஞ்சுபோச்சு” என்றான். நான் கேட்டது அதை அல்ல. கிழக்கு எல்லையை அந்தப் பெண்ணே பழைய பத்திரத்தைப் பார்த்து அடித்துக்கொண்டாள்.

உங்களில் பலருக்குச் சம்பத்தைத் தெரியும். அரூர் பேருந்துப் பணிமனையில் நடத்துநராகச் சேர்ந்து, கடைசி பன்னிரண்டு வருடம் எந்த வண்டியில் யார் போவது என்று டியூட்டி சார்ட் எழுதி ஓய்வு பெற்றவன். அஞ்சலிக் குறிப்பில் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். வாடா போடா என்று நாற்பது வருடம் பேசிவிட்டு, செத்ததும் மரியாதை கொடுத்தால் அவனே சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து படத்திறப்பு வைத்தார்கள். நீங்கள் வந்திருந்தீர்கள். நான்கு பேர் பேசிய பிறகு என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “மாவட்ட அணிக்கு ஆடியிருக்க வேண்டியவன். மொரப்பூர் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் போனதால் அந்த வாய்ப்பு போனது. விதி என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல?” என்று பேசினேன். கூட்டத்தில் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இறங்கி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

நான் சொன்னது பொய். சம்பத் எந்த வண்டியிலிருந்தும் விழவில்லை. அவன் தோளைக் கெடுத்தவன் நான். அவன் உயிரோடு இருந்தபோது அதை அவனிடம் ஒப்புக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அவன் படத்துக்கு முன்னால் நின்றபோதும் வரவில்லை. மைக்கில் சொல்லாததை எழுத்திலாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தருமபுரியில் இரண்டு நாள் ஆட்டம். முதல் நாள் நாங்கள் பேட் செய்ய வேண்டும், மறுநாள் அவர்கள். முதல் இன்னிங்ஸில் யார் அதிகம் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம். நான் கேப்டன். எங்களிடம் உருப்படியான பந்துவீச்சாளர்கள் ஐந்து பேர் இருந்தார்கள்: ஒரு வேகம், இடது கையால் மிதவேகம் போடும் சம்பத், இன்னொரு மிதவேகம், கொஞ்சம் லெக் ஸ்பின் போடும் ஒரு பேட்ஸ்மேன், ஆஃப் ஸ்பின்னுக்கு மாதேஷ். பாயில் மாதேஷின் பந்து பட்டு எழும்பினால் கீப்பரே இரண்டடி பின்னால் போவான்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியின் தம்பியும் எங்கள் அணியில் சேர்ந்திருந்தான். ஆட்டம் பார்க்க மாமனார் வீட்டார் கடத்தூரிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள் என்று சேதி வந்தது. அத்தனை பேரும் பார்க்க மச்சான் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பொங்கலுக்கு நான் அந்த வீட்டு வாசல்படியை மிதிக்க முடியாது. மாதேஷை எடுத்துவிட்டு மச்சானைப் போட்டேன். பேட்டிங்கைப் பலப்படுத்துகிறோம் என்று மற்றவர்களிடம் சொன்னேன். மாதேஷ், நீ இதைப் படிப்பாய். உன்னை எடுத்ததற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது.

சம்பத் மட்டும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “பாய் மேல மாதேஷ் பந்து எகிறுமேப்பா. நாலு பேர வச்சு நாள் பூராவும் எப்பிடி ஓட்டுவ? அதுலயும் ஒருத்தன் அரை ஆளு.”

“நீ இருக்கறல்ல?” என்றேன். முதுகில் தட்டினேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. நானும் பாராட்டாகத்தான் சொன்னேன்.

முதல் நாள் மச்சான் ஒன்பது ரன் எடுத்தான். மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். மறுநாள் உணவு இடைவேளைக்கு முன்பே எங்கள் வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. லெக் ஸ்பின்னை இரண்டே ஓவரில் அடித்துத் துவைத்தார்கள். அதன் பிறகு ஒரு முனையிலிருந்து சம்பத், சம்பத், சம்பத். நான்கு மணி வாக்கில் பந்தோடு என்னிடம் வந்தான். வலது கையால் இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தான்.

“ஏப்பா, சுருக்குன்னு இழுக்குது. வேற யாருக்காச்சும் குடேன்.”

“இன்னும் ஒரே ஒரு ஓவர் போடுப்பா. அவன் விழுந்துருவான்.”

போட்டான். அடுத்த ஓவருக்கும் அதையே சொன்னேன். ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். நடுவில் மாதேஷ் தண்ணீர் கொண்டு வந்தான். சம்பத் குடித்தான், மாதேஷைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த ஒரே நாளில் முப்பத்தொரு ஓவர் போட்டான். கடைசி விக்கெட்டும் அவன் எடுத்ததுதான். பதினொரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோப்பையோடு படம் எடுத்தோம். அதில் எல்லோர் கையும் கோப்பையின் மேல் இருக்கும். சம்பத்தின் இடது கை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை நான் வீட்டில் மாட்டவே இல்லை. காரணம் கேட்ட மனைவியிடம் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன்.

அடுத்த ஞாயிறு மாவட்ட அணிக்குத் தேர்வு. அவனையும் கூப்பிட்டிருந்தார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பேருந்தில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். அவன் மூன்று பந்து போட்டான். மூன்றாவது பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. தேர்வாளர்களில் பெரியவர் ஒருவர் கிட்டே வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார். “போன வாரம் ரொம்பப் போட்டியா? எத்தனை ஓவர்? யாருய்யா உன் கேப்டன்?” என்றார். நான் பேட் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

சம்பத் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “அதெல்லாம் இல்லீங்க சார். முந்தாநாள் மொரப்பூர் ரோட்டுல வண்டியில இருந்து வுழுந்துட்டேனுங்க.”

அவனிடம் வண்டியே கிடையாது. அது அந்தப் பெரியவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று பேட் செய்து தேர்வானேன். மாவட்டத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடினேன். இரண்டிலும் சேர்த்து எத்தனை ரன் எடுத்தேன் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

திரும்பி வருகிற பேருந்தில் அதைப் பற்றி ஏதாவது பேசுவான் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நிலக்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டியிலிருந்து விழுந்த கதை ஊரில் தானாக வளர்ந்தது. யாரோ கேட்டபோது ‘நாய் குறுக்கே வந்துவிட்டது’ என்று சேர்த்தவன் நான். பாலத்துப் பக்கம் விழுந்தான் என்று வேறொருவர் சேர்த்தார். சில வருடங்களில் அந்த நாய்க்கு நிறம்கூட வந்துவிட்டது. சம்பத் எதையும் மறுக்கவில்லை. என் முன்னால் யாராவது அந்தக் கதையைச் சொன்னால் மட்டும், சொல்கிறவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

அதன் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. கிரிக்கெட்டை விடவும் இல்லை. டெஸ்ட் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து இந்திய அணியின் பந்துவீச்சைத் தேர்ந்தெடுப்போம். ஊர் உலகமெல்லாம் யார் அதிக விக்கெட் எடுப்பான் என்று பெயர் சொல்லும். சம்பத் பெயரே சொல்ல மாட்டான். டியூட்டி சார்ட்டின் பின்பக்கத்தில் பதினைந்து கட்டம் போடுவான். ஐந்து நாள், நாளுக்கு மூன்று வேளை. அதைக் கடைசியிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவான். “அஞ்சாம் நாளு டீக்கு அப்புறம் பந்து யாரு கையில இருக்கும்? அதச் சொல்லு மொதல்ல” என்பான். புதுப் பந்தில் யார் போடுவது என்பது அவனுக்குக் கடைசிக் கேள்வி. “காலையில பத்து மணிக்கு எவன் வேணாலும் போடுவான்ப்பா. எல்லாரும் குளிச்சுட்டு வந்திருப்பானுங்க.”

அந்தக் கட்டங்களுக்கு அவனிடம் சட்டங்கள் இருந்தன. வேகப்பந்து வீச்சாளன் பெயரை அடுத்தடுத்த இரண்டு கட்டத்துக்கு மேல் எழுத மாட்டான். ஒரே மாதிரி போடுகிற மூன்று பேரைச் சேர்க்க விடமாட்டான். “மூணு பேரும் ஒரே ஒசரத்துல இருந்து ஒரே மாதிரி உள்ள கொண்டாந்தா, பேட்ஸ்மேனுக்கு அது ஒருத்தன்தான். ஒருத்தன் இடது கையா இருக்கணும். ஒருத்தன் விக்கெட் எடுக்காட்டியும் போகுது, மத்தவனுங்க மூச்சு வாங்கறப்ப ரன் குடுக்காம ஒரு முனைய அடைச்சுப் புடிக்கணும். அவன் பேரு பேப்பர்ல வராது. ஆனா அவன் இல்லாட்டி மத்த பேரும் வராது.” இடது கை வேகம் போடுகிறவன் ஓடி முடிக்கிற இடத்தில் மண் பெயரும், நான்காம் நாள் ஆஃப் ஸ்பின்னர் அந்த இடத்தில்தான் பந்தைக் குத்துவான் என்று டம்ளரை நகர்த்தி நகர்த்திக் காட்டுவான். பதினைந்து கட்டமும் யாரையும் கெஞ்சாமல் நிரம்பினால் அது நல்ல பந்துவீச்சு. அவனுக்கு எப்போதும் ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

நான் நான்கு பேர் போதும் என்பேன். ஆறாவது பேட்ஸ்மேன் வேண்டும் என்று வாதாடுவேன். சம்பத் பேனாவை மூடுவான். “நீ எப்பவும் ஒரு ஆளக் கம்மியாத்தான்பா வைப்ப.” அதைக் கேட்கும்போதெல்லாம் நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். டீக்கடைக்காரரும் கூடச் சிரிப்பார். சம்பத் சிரித்தானா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவு வரவில்லை.

பணிமனையிலும் அவன் அந்தப் பதினைந்து கட்டத்துக்காரனாகவே இருந்தான். ஒரு முறை தீர்த்தமலைத் திருவிழாவுக்கு வண்டி போதவில்லை. முந்தைய இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவர், “இன்னும் ஒரு நடை நானே போறேன் சார்” என்று தாமாகவே முன்வந்தார். சம்பத் அந்த நடையையே ரத்து செய்தான். ஜனங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள், மேலதிகாரியும் போனில் திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த ஓட்டுநரிடம், “நீங்க போய்ப் படுங்க. போறேன்னுதான் சொல்லுவீங்க. கேக்கறவனுக்குத்தான் அறிவு இருக்கணும்” என்றான். அன்று நான் ஒரு பத்திர வேலையாக அங்கே போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டேன். உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். மறுநாள் டெஸ்ட். மாத்திரைச் சீட்டின் பின்னால் கட்டம் போட்டு வைத்திருந்தான். கோடுகள் கோணலாக இருந்தன. வழக்கம்போல நான் நான்கு பேர் என்றேன். வழக்கம்போல அவன், நான் ஒரு ஆளைக் கம்மியாகத்தான் வைப்பேன் என்றான். அன்று ஏனோ எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சம்பத், அன்னிக்குத் தருமபுரி மேட்ச்சுல…” என்று ஆரம்பித்தேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தை முழுவதுமாக என் பக்கம் திருப்பினான். வசந்தா, அவன் மனைவி, மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லை. எங்களை இடைமறிக்க அங்கே யாருமே இல்லை. சொல்ல வேண்டியது நான்கே வார்த்தைதான்.

“…அந்த கிரவுண்டச் சுத்தி இப்ப காம்பவுண்டு கட்டிட்டாங்கப்பா” என்றேன்.

“அப்படியா” என்றான். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்புறம்?”

“ஒண்ணுமில்ல.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். களைத்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தேன்.

அவன் போன பிறகு என்னால் டெஸ்ட் பார்க்க முடியவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பின் களைத்துப்போன பந்துவீச்சாளனிடம் கேப்டன் போய்த் தோளில் கை போட்டுப் பேசுவதைக் காட்டுகிறார்கள். என்ன பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறேன். அணைத்த பிறகும் என் குரல் எனக்கே கேட்கிறது, நல்ல இளமையான குரல், ‘ஒரே ஒரு ஓவர்’ என்று. போன வாரம் பேருந்து நிலையத்தில், நேரக்காப்பாளர் அறையை ஒட்டி, இடது தோள் சற்றே தாழ்ந்த ஒருவர் முதுகு காட்டி நின்றிருந்தார். வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பினார். முன்பின் தெரியாதவர். “என்னங்க வேணும்?” என்றார். சேலம் வண்டி எப்போது என்று கேட்டேன். எனக்குச் சேலத்தில் ஒரு வேலையும் இல்லை. பயந்துபோயிருக்கிறேன், வேறொன்றுமில்லை. இந்த வயதில் இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வசந்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் பிரபு வாசலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். வசந்தா நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன்.

“வசந்தா, அவன் வண்டியில இருந்து விழலம்மா.”

“தெரியுங்கண்ணா” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

“கல்யாணம் ஆன வருசமே சொல்லிட்டாருங்க. சட்டை போடறப்ப கை மேல போகல, ஏன்னு கேட்டேன். முழுசும் சொன்னாரு. மாதேஷண்ணன எடுத்தது, நீங்க போடச் சொல்லிச் சொல்லி இவரு போட்டது, எல்லாம். வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. பிரபுக்கும் தெரியுங்கண்ணா.”

படத்திறப்பு அன்று அவர்கள் இரண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மொரப்பூர் ரோடு என்று சொன்னபோது, எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க அன்னிக்கு அப்படிப் பேசறப்ப பிரபு எந்திரிக்கப் பாத்தானுங்க. நான்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்.”

“சம்பத் எம்மேல கோவமா இருந்தானாம்மா?”

“மொதல்ல இருந்துச்சுங்க. ஏன் பொய் சொல்றேன்? ரொம்பவே இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. பிரபு காலேஜ் படிக்கறப்ப ஒருக்கா சண்டையே போட்டான், அந்த ஆளுகூட உக்காந்து எதுக்குப்பா டீ குடிக்கறீங்கன்னு.” வசந்தா, பிரபு போன பக்கம் பார்த்தாள். “‘அவன் என்னிக்காச்சும் ஒரு நாள் வாயத் தொறந்து சொல்லுவான்டா. அன்னிக்கு நான் பக்கத்துல இருக்கணும்ல’ன்னாரு.”

பிறகு அவள் காப்பி கொண்டு வந்தாள். குடித்தேனா என்று நினைவில்லை. எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றும் தெரியவில்லை.

பந்துவீச்சைப் பற்றிச் சம்பத் சொன்னவற்றை இங்கே எழுதிவிட்டேன். கிரிக்கெட் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவையெல்லாம் உங்களுக்கு. வசந்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக அவன் டீ குடிக்க வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன், சம்பத். நீதான் பக்கத்தில் இல்லை.